பழைய முத்திரைக்கு விலை மதித்தல்

மூத்தவர் ஒருவர் மறைந்த பின் அவருடைய பெட்டியைத் திறக்கும் பிள்ளைகள், காணி உறுதிகளுக்கும் சாதகக் குறிப்புகளுக்கும் அடியிலே ஒரு முத்திரைப் புத்தகத்தைக் கண்டெடுப்பதுண்டு. அவ்வேளையில் இருவகை முடிபுகளுள் ஒன்று விரைந்து எழும். நூறாண்டு கடந்த முத்திரைகளாதலால் பெரும் பொருள் பெறும் என்பது ஒன்று. சிறுவர் விளையாடும் கடதாசித் துண்டுகள் என்பது மற்றொன்று. முன்னையது ஏமாற்றத்தில் முடியும். ஆயினும் அதனால் வரும் நட்டம் சிறிது. பின்னையதால் வரும் நட்டத்தையோ, அதனை அடைந்தவர் ஒருபோதும் அறியார். அள்ளிக் கொடுத்த பின்னர் அங்கே என்ன இருந்ததென்று எண்ணிப் பார்ப்பதற்கு எதுவும் எஞ்சியிராது. ஆகவே ஒரு முத்திரையின் நிலையையும் விலையையும் ஓரளவுக்கேனும் மதிக்க அறிந்திருத்தல், முத்திரை சேர்ப்போர்க்கு மட்டுமன்றி அவர்தம் வீட்டார்க்கும் வேண்டப்படுவதாகும்.

முதலிலே களையவேண்டிய மயக்கம் ஒன்றுண்டு. பழைமை வேறு, விலை வேறு. உலகின் முதல் ஒட்டுமுத்திரையாகிய பிரித்தானியாவின் 'கறுப்புப் பென்னி' 1840ஆம் ஆண்டு மே மாதத்தில் வழக்குக்கு வந்தது. அதனினும் மூத்த ஒட்டுமுத்திரை இல்லை. எனினும், அச்சிடப்பட்ட தொகை 6 கோடியே 80 இலட்சத்துக்கும் மேற்பட்டது. அக்காலத்தில் உறை பெருவழக்கில் இல்லை. கடிதத் தாளையே மடித்து அதன்மேல் முத்திரையை ஒட்டி அனுப்பினர். வணிகரும் வழக்கறிஞரும் தமக்கு வந்த கடிதங்களைக் கட்டிவைத்தபோது முத்திரைகளும் அவற்றுடன் பேணப்பட்டன. ஆதலால் பயன்படுத்திய கறுப்புப் பென்னி இன்றும் சந்தையிற் கிடைக்கின்றது. ஓரம் வெட்டுண்டு மடிப்பு விழுந்த ஒன்றை நடுத்தர வருவாயுடைய ஒருவரும் வாங்கிவிடலாம். நான்கு ஓரங்களும் அகன்று, பின்புறப் பசை கெடாது, பயன்படுத்தப்படாமல் இருக்கும் ஒன்றோ அதனைப்போலப் பன்மடங்கு விலை பெறும். அச்சு ஒன்று, ஆண்டு ஒன்று, அரசியின் முகமும் ஒன்று. நிலை மட்டும் வேறு.

எத்தனை எஞ்சியுள்ளன, எத்தனை பேர் வேண்டுகின்றனர் என்பவை விலையை ஆக்கும் காரணங்களே. ஆனால் அவற்றை அறிவதற்கு நூல்களின் துணை வேண்டும். நிலையை அறிவதற்கோ நல்ல வெளிச்சமும் பொறுமையும் போதும். நிலை எத்துணை வேறுபாட்டை விளைக்கும் என்பதற்கு அமெரிக்க நாட்டு முத்திரை ஒன்றைச் சான்று காட்டலாம். 1918ஆம் ஆண்டு மே மாதத்தில் வான் தபாலுக்கென வெளியான 24 சத முத்திரைகளுள், விமானம் தலைகீழாக அச்சாகிய ஒரு தாள் வாஷிங்டன் நகரில் ஒருவர் கைக்குக் கிடைத்தது. நூறு முத்திரைகள் கொண்ட அத்தாளுக்கு அவர் கொடுத்தது 24 டொலர். அந்த நூறும் ஒரே தாளிற் பிறந்தவை. ஆயினும் தாளின் மேல்வரிசையிலும் வலப்புற வரிசையிலும் இருந்தவற்றுக்கு ஒரு பக்கம் துளையில்லாத நேர்விளிம்பு. புத்தகங்களில் ஒட்டப்பட்டவற்றுக்குப் பின்புறப் பசை பழுதாயிற்று. நெடுங்காலம் வெளிச்சம் படாமல் வங்கிப் பெட்டகத்தில் இருந்த ஒன்று 2023ஆம் ஆண்டு நவம்பரில் 20 இலட்சம் டொலருக்குச் சற்று மேலாக ஏலத்தில் விலைபோயிற்று. குறையுடைய உடன்பிறப்புகள் அதில் ஒரு சிறுபங்கையே பெற்றுள்ளன.

இனி, முத்திரையை நோக்கும் முறை. விரலால் எடுத்தல் ஆகாது. விரலில் உள்ள ஈரமும் எண்ணெய்ப்பசையும் முத்திரையிற் படியும். நுனி தட்டையான சாமணத்தால் எடுத்துப் பகல் வெளிச்சத்திற் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குதல் வேண்டும். படம் நடுவில் அமைந்துள்ளதா, அன்றி ஒரு பக்கம் ஒதுங்கித் துளைவரிசை படத்தை வெட்டுகின்றதா என்பது முதற் பார்வையிலேயே புலனாகும். அடுத்து விளிம்பிலுள்ள பற்கள் நோக்கத்தக்கவை. ஒரு பல் குட்டையாயிருத்தலும் குறையே. மூலைப்பல் இல்லாதிருத்தல் பெருங்குறை. நிறம் வெயிலில் வெளிறியிருக்கலாம். தபாற் கந்தோரிற் குத்திய குறி மெல்லியதாகவும், ஊரும் நாளும் தெரியுமாறும் அமைந்திருந்தால் அது முத்திரைக்கு அழகு சேர்க்கும். முகத்தை மூடிய கரிய மைப்பூச்சாயின் மதிப்பைக் குறைக்கும்.

துளையிடும் வழக்கம் பரவுமுன் வெளிவந்த முத்திரைகளுக்குப் பற்கள் இல்லை. அங்கே ஓரமே யாவும். இதனை இலங்கையின் பழைய முத்திரைகளைக் கொண்டே விளக்கலாம். 1857ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாம் நாள் இலங்கையின் முதல் முத்திரையாகிய ஆறு பென்ஸ் முத்திரை வெளிவந்தது. 1859இல் வந்தவற்றுள் நாலு பென்ஸ், எட்டுப் பென்ஸ், ஒன்பது பென்ஸ் முதலிய சில எண்கோண வடிவில் அமைந்தவை. படத்தின் சட்டம் எட்டுப் பக்கமுடையதாதலின் நான்கு மூலைகளிலும் வெற்றுத் தாள் எஞ்சியிருக்கும். தாளிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தவர்களுள் சிலர், மூலைகள் எதற்கு என்று எண்ணினர் போலும். சட்டத்தை ஒட்டி எட்டுப் பக்கமும் அழகாக நறுக்கிவிட்டனர். அவர்கள் கண்ணுக்கு அது செம்மை. ஆனால் இன்றைய மதிப்பிலே அந்த நான்கு வெற்று மூலைகள்தாம் விலையின் பெரும்பகுதி. மூலை நறுக்கிய முத்திரை எத்துணைத் தூய்மையாயிருந்தாலும், சதுரமாக வெட்டி நாற்புறமும் ஓரம் விட்ட முத்திரையின் அருகே நிற்கமாட்டாது.

இவற்றுள் மங்கிய உரோசா நிற நாலு பென்ஸ், இலங்கை முத்திரைகளுள் மிக அருமையானவற்றுள் ஒன்றெனப் போற்றப்படுவது. பயன்படுத்தியதே அருமை, பயன்படுத்தாதது அதனினும் பத்து மடங்குக்கு மேல் விலை பெறும். விலை உயர்ந்தவிடத்தில் வஞ்சகமும் வந்து குடியேறும். 1861 முதல் இதே படம், இதே நட்சத்திர நீர்க்குறியுடைய தாளில், துளையிடப்பட்டும் வெளிவந்தது. துளையிட்டது அவ்வளவு விலையுடையதன்று. ஆகவே ஓரம் அகன்ற துளைமுத்திரை ஒன்றைத் தேர்ந்து, பற்களை நறுக்கிவிட்டுத் துளையில்லாததென்று விற்பவர் உண்டு. ஓரம் மிகக் குறுகியிருப்பின் ஐயுறுதல் தகும். மூலை நறுக்கிய முத்திரையைச் சுற்றிப் பழைய தாளைப் பொருத்தி, மூலையும் ஓரமும் புதிதாகப் படைப்பவரும் உண்டு. கைத்திறன் என்ற அளவில் இது வியப்புக்குரியதே. அத்திறனை வேறொரு நல்ல தொழிலுக்குப் பயன்படுத்தியிருக்கலாம்.

இத்தகைய ஒட்டுவேலையைக் கண்டுபிடிப்பது முத்திரையின் பின்புறத்தால். முத்திரை சேர்ப்போரிற் பலர் முகத்தையே நோக்குவர். அறிந்தவர் முதலில் முதுகைத் திருப்பிப் பார்ப்பர். கறுப்பு நிறத் தட்டொன்றில் முத்திரையைக் குப்புற வைத்து, நீர்க்குறி காண்பதற்கென விற்கப்படும் விரைந்து உலரும் திரவத்தில் ஓரிரு துளி இட்டால், தாளின் உள்நிலை வெளிப்படும். நீர்க்குறி தெரிவதோடு, தாள் மெலிந்த இடம் கரிய திட்டாகவும், மடிப்பு ஒரு கோடாகவும், ஒட்டிய பொருத்து ஒரு வரம்பாகவும் காட்சி தரும். புத்தகத்திலிருந்து முரட்டுத்தனமாகப் பிடுங்கியதால் வரும் மெலிவே பெரும்பாலும் காணப்படுவது. முன்னே பார்ப்பவர்க்கு அதன் அடையாளமும் தெரியாது. விலையோ பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

பின்புறப் பசையைப் பற்றி ஒரு சொல். முற்காலத்திற் சேர்த்தவர் யாவரும் சிறு பசைத்தாள் கீல்களைக் கொண்டே முத்திரைகளைப் புத்தகத்தில் இணைத்தனர். அது குற்றமாக அக்காலத்தில் எவரும் கருதவில்லை. பின்னர்க் கீல் படாத பசையே மேலானது என்ற எண்ணம் மேலோங்கி, இருபதாம் நூற்றாண்டு முத்திரைகளிற் பலவற்றுக்குக் கீல் பட்டதற்கும் படாததற்கும் விலை இரட்டிப்பாகவும் அதற்கு மேலும் வேறுபடலாயிற்று. முகத்தை நோக்கிப் படைக்கப்பட்ட ஒரு பொருளுக்கு அதன் முதுகிலுள்ள பசை இத்துணை விலை சேர்ப்பது நியாயமா என்று கேட்கலாம். கேட்டுப் பயனில்லை, சந்தை அவ்வாறே மதிக்கின்றது. அதனாற் புதுப்பசை பூசும் தொழிலும் தோன்றிற்று. பசை பூசிய பின்னரே துளையிடுவது அச்சகத்தின் முறை. ஆகவே இயல்பான முத்திரையில் பற்களின் நுனியில் தாளின் நார்கள் மென்மையாக நிற்கும். பின்னாளிற் பூசிய பசையோ அந்நுனிகளிற் படிந்து அவற்றை விறைப்பாக்கிவிடும்.

இலங்கை போன்ற வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளிற் பசைக்குப் பகை காற்றேயாகும். மழைக்காலத்திலே முத்திரைகள் புத்தகத்தாளோடு ஒட்டிக்கொள்ளும்; பூஞ்சணத்தினால் துரு நிறப் புள்ளிகள் தோன்றும். ஒரு முத்திரையிற் கண்ட புள்ளி அடுத்ததற்கும் பரவக்கூடும். ஆகவே புள்ளி கண்டவற்றைப் பிரித்து வைத்தலும், புத்தகத்தை இரும்பு அலுமாரியில் நெருக்கிப் பூட்டாமல் உலர்ந்த காற்றுப்படும் இடத்தில் நிறுத்தி வைத்தலும் வேண்டும். புள்ளியை நீக்கவென்று வெளிற்றும் மருந்திடுதல் கூடாது. அது நிறத்தையும் கொண்டுபோய்விடும்.

இன்னொரு வகை முத்திரையும் விழிப்போடு நோக்கத்தக்கது. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் காலத்து உயர்விலை இலங்கை முத்திரைகள், 1000 ரூபாய் முத்திரை உட்பட, தபாலுக்கும் அரசிறைக்கும் பொதுவாயிருந்தன. ஆயிரம் ரூபாய் முத்திரை ஒட்டிக் கடிதம் அனுப்பியவர் யாவர்? அவை பெரும்பாலும் பத்திரங்களில் ஒட்டப்பட்டுப் பேனாவால் வெட்டப்பட்டன. பேனாக் கோடு பட்டது தபாலிற் சென்றதன் விலையில் ஒரு சிறு கூறே பெறும். அக்கோட்டை மருந்தினாற் கழுவி, போலிக் குறி குத்தியோ புதிதென்று சொல்லியோ விற்றல் நெடுநாளைய வஞ்சகம். ஊதாக்கடந்த ஒளியின் கீழ், கழுவிய மையின் தடம் பெரும்பாலும் வெளிப்படும்.

இவ்வளவும் கூறிய பின், நிலை ஒன்றே விலையை ஆக்கும் என்று முடிவுகட்டிவிடலாகாது. 1856இல், இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய முத்திரைகள் வராமையால், பிரித்தானிய கயானாவிலேயே அச்சிடப்பட்ட ஒரு சத முத்திரை இன்று உலகில் ஒன்றே ஒன்று உள்ளது. மூலைகள் வெட்டுண்டவை, நிறம் தேய்ந்தது, முகத்திற் குறி கரிதாகப் படிந்து, தபால் எழுதுநர் ஒருவரின் முதலெழுத்துக்களும் தெரிகின்றன. 1873இல் அதனைக் கண்டெடுத்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஆறு சிலிங்குக்கு விற்றான். அது 2014இல் 94 இலட்சத்து 80 ஆயிரம் டொலர் பெற்றது. வேறொன்று இல்லாதவிடத்தில் ஒப்பிடுவதற்கும் ஒன்றில்லை. ஆயினும், அதே முத்திரை 2021இல் 83 இலட்சம் டொலருக்கே விற்கப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. உலகில் ஒன்றேயான பொருளும் வாங்குவோர் மனத்தைப் பொறுத்து விலை இறங்கும்.

விலைப்பட்டியல் நூல்களைப் பார்ப்பவர் ஒன்றை நினைவில் வைத்தல் நன்று. ஸ்ரான்லி கிபன்ஸ் நிறுவனத்தின் பட்டியலில் உள்ள எண், குறையற்ற முத்திரையை அந்நிறுவனம் விற்கக்கூடிய விலை. அதனிடம் கொண்டுபோய் விற்பவருக்குக் கிடைக்கும் விலையன்று. வியாபாரிக்குக் கடைக்கூலியும் ஊதியமும் வேண்டும். பட்டியல் விலையை எண்ணிக் கூட்டிவைத்துக்கொண்டு விற்கப் போகும் குடும்பத்தார், அதிற் காற்பங்கும் கிடையாதபோது வியாபாரி ஏமாற்றுகின்றார் என்று சினப்பதுண்டு. அவர் ஏமாற்றவும் கூடும். ஏமாற்றாமலே அவ்வளவுதான் கொடுக்கவும் கூடும். அண்மைக்கால ஏலங்களில் அதே முத்திரை, அதே நிலையில், என்ன பெற்றது என்பதே நம்பத்தக்க அளவுகோல். உயர்ந்த விலையுடையதென்று தோன்றினால், இலண்டன் அரச முத்திரையியற் கழகம் போன்ற சபையின் அத்தாட்சிப் பத்திரம் பெறுதல் தகும். அதற்குச் செலவுண்டு, ஆகவே பத்து ரூபாய் முத்திரைக்கு அத்தாட்சி தேடுதல் வீண்.

இறுதியாக, உறையோடு கூடிய முத்திரைகள். யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில், மலாயாவில் உத்தியோகம் பார்த்தவர்கள் எழுதிய கடிதங்கள் கட்டாகக் கிடந்தன. இன்னும் சில வீடுகளிற் கிடக்கக்கூடும். அவற்றின் மேல் பாயும் புலியின் உருவம் பொறித்த முத்திரைகள் உண்டு. பள்ளிச் சிறுவர் கண்டால் மூலையை வெட்டியெடுத்துத் தண்ணீரில் ஊறவைத்து முத்திரையைப் பிரித்தெடுப்பர். பெரியவர்களும் அதனையே கற்பிப்பர். உறையில் அனுப்பிய சிற்றூரின் குறியும், வழியில் இறங்கிய துறைமுகத்தின் குறியும், வந்துசேர்ந்த தபாற் கந்தோரின் குறியும் நாளோடு இருக்கும். எந்தக் கட்டணத்தில், எந்த வழியாக, எத்தனை நாளிற் சென்றது என்பதை ஆராய்வோர் அவ்வுறையை முத்திரையினும் பன்மடங்கு விலை கொடுத்து வாங்குவர். நீரில் ஊறிப் பிரிந்த பின் எஞ்சுவது ஒரு புலி முத்திரை மட்டுமே; அத்தகையவை வியாபாரிகளிடத்து நூறு நூறாகக் கட்டிவைத்து விற்கப்படுகின்றன.