எண்ணெய் ஊறிய மண்ணும் எங்கள் கிணறுகளும்
(நெடுங்கேணியில் மீள்குடியேறிய குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)



ஊர் திரும்பியதும் நாங்கள் முதலில் செய்வது கிணறு இறைப்பது. சேற்றை அள்ளி, நீரை இறைத்து, குளோரின் இடுகிறோம். அது நோய்க்கிருமிகளைக் கொல்லும். ஆனால் மண்ணெண்ணெயோ டீசலோ கலந்திருந்தால் குளோரின் அதை அகற்றாது. கொதிக்க வைத்தாலும் அந்த நீரை நம்பிக் குடிக்க முடியாது.

சுன்னாகத்தில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். மின் நிலையச் சூழலில் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து பல கிணறுகள் பாழாகின. சனங்கள் பவுசர் தண்ணீரை நம்பியிருக்க நேர்ந்தது. 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. ஆனால் தீர்ப்பு வந்தவுடன் நிலத்தடி நீர் தெளிந்துவிடாது. ஆகவே, எண்ணெய் மேல்மண்ணில் நிற்கும்போதே அதைத் தடுக்க வேண்டும்.

இதற்கு மண்ணிலேயே வாழும் நுண்ணங்கிகள் உதவும். சூடோமோனாஸ் போன்ற பற்றீரியாக்கள் எண்ணெயை உணவாகக் கொண்டு, அதைக் காபனீரொட்சைட்டும் நீருமாகச் சிதைக்கின்றன. அவற்றுக்குக் காற்று, ஈரம், நைதரசன் போன்ற சத்துகள் தேவை. 1989இல் அலாஸ்காவில் கப்பல் எண்ணெய் கொட்டியபோது கடற்கரைக்குப் பசளை இட்டதும் இந்த நுண்ணங்கிகளை ஊட்டி வளர்க்கவே.

வளவில் சிறிதளவு எண்ணெய் சிந்தியிருந்தால் இப்படிச் செய்யலாம்:

1. கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட நிலத்தில் மட்டும் தோண்டுங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் விலகி, உடனே அறிவியுங்கள்.

2. எண்ணெய் ஊறிய மண்ணை அள்ளி, கிணற்றுக்குத் தொலைவில், தறப்பாள் மீது அரை அடிக்கு மேற்படாமல் பரப்புங்கள். அருகில் நெருப்பு வேண்டாம்.

3. மக்கிய மாட்டெருவைக் கலந்து, ஈரமாக வைத்திருங்கள்; நீர் தேங்க விடாதீர்கள்.

4. வாரம் ஒருமுறை கிளறுங்கள். மழையில் கரைந்து ஓடாதபடி வரம்பு கட்டி மூடுங்கள்.

இதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். மணம் போய்விட்டது என்பதற்காக அந்த மண்ணில் மரக்கறி நடவேண்டாம். பழைய பற்றறியிலிருந்து கசிந்த ஈயத்தை எந்த நுண்ணங்கியாலும் தின்று தீர்க்க முடியாது. அத்தகைய மண்ணுக்கு இந்த முறை உதவாது.

கிணற்று நீரில் எண்ணெய்ப் படலமோ மணமோ தெரிந்தால் குடிப்பதையும் சமைப்பதையும் உடனே நிறுத்துங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி நீரைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். சாணியைக் கிணற்றுக்குள் ஒருபோதும் போடாதீர்கள்.

தண்ணீர்ப் பம்புக்கு ஓயில் மாற்றுவதைக் கிணற்றடியில் செய்யாதீர்கள். கழிவு ஓயிலை நிலத்தில் ஊற்றாமல் கலனில் சேர்த்து வையுங்கள். எண்ணெய் கலந்த கிணற்றைச் சுத்தம் செய்வதைவிட இது எவ்வளவோ சுலபம்.