நான்கு மாடு, இரண்டு நிமிடம்

அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி நடக்கிறது. ஓட வேண்டாம், பாட வேண்டாம். மாடு பார்க்கத் தெரிந்தால் போதும்!

நான்கு மாடுகளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஆடாகவும் இருக்கலாம், பன்றியாகவும் இருக்கலாம். எது முதல், எது கடைசி என்று வரிசைப்படுத்த வேண்டும். நான்குதானே என்று நினைக்காதீர்கள்; அந்த நான்கை 24 விதமாக அடுக்கலாம். கால் நேராக ஊன்றுகிறதா, முதுகு சமமாக இருக்கிறதா, சதைப்பற்று எப்படி என்று பிள்ளைகள் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். சரியான வரிசைக்கு 50 மதிப்பெண்.

அத்தோடு விடமாட்டார்கள். 'ஏன் இதை முதலில் வைத்தாய்?' என்பார் நடுவர். குறிப்பைப் பார்க்காமல் இரண்டு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். அதற்கு இன்னொரு 50. வரிசை கொஞ்சம் பிசகினாலும், கண்டதைத் தெளிவாகச் சொன்னவருக்கு மதிப்பு உண்டு.

இப்படிப் போட்டி நடத்தும் மன்றங்களுக்கு வித்து 1902-இல் விழுந்தது. ஒஹையோ மாநிலத்தில் கிரகாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் கிராமத்துப் பிள்ளைகளுக்காக ஒரு மன்றம் தொடங்கினார். அப்படிப்பட்ட மன்றங்களே 'ஃபோர்-எச்' இயக்கமாக வளர்ந்தன. 1928-இல் 'எஃப்.எஃப்.ஏ.' என்ற வேளாண் மாணவர் அமைப்பும் வந்தது.

வென்றவர்களுக்கு ரிப்பன், கேடயம்; சிலருக்குக் கல்லூரி உதவித்தொகையும் கிடைக்கும். இந்தப் பரிசு மாடு வளர்த்ததற்கு அல்ல. பார்த்து, தீர்மானித்து, காரணம் சொன்னதற்கு.

இதில் அப்பாக்களுக்கு ஒரே ஒரு சங்கடம். 'கணக்கில் ஏன்டா மார்க் குறைந்தது?' என்று கேட்டால், பையன் நிமிர்ந்து நின்று இரண்டு நிமிடம் காரணம் சொல்வான், குறிப்பைப் பார்க்காமலே!