மறுதரப்பைக் கேட்காமல் தீர்ப்பில்லை

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

    

துப்பாக்கிச் சூட்டில் மக்கள் மாண்டுபோகும்போது அதுகுறித்து அரசு வெளியிடும் விளக்கத்தை நம்புவதா, ஐயுறுவதா என்னும் கேள்வியே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். இக்கேள்விக்கு நம்மிடையே இரண்டு ஆயத்த விடைகள் உலவுகின்றன. "அரசு சொல்வது அனைத்தும் பொய்" என்கின்றனர் இளைஞர்களில் சிலர். "நமக்கேன் வம்பு? மேலிடத்தில் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்கின்றனர் பெரியோர்களில் சிலர். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும், விசாரித்தறியும் சிரமத்திலிருந்து நம்மை விடுவித்துவிடுவதில் இரண்டும் ஒன்றே.

நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, வழக்காளிகள் இருவர் முன்வந்தால் முதலாமவர் சொல்லைக் கேட்டதுபோன்றே மற்றவர் சொல்லையும் கேட்கும்வரை தீர்ப்பளிக்கலாகாது என அறிவுறுத்தியதை நாமறிவோம். இந்த அளவுகோலைக் கொண்டு பார்ப்போமாயின் ஓர் உண்மை புலப்படும். துப்பாக்கிச் சூடு நிகழ்ந்த இடத்தில் முதல் அறிக்கையை எழுதுவோர் சுட்ட துறையினரே. அதுவும் ஒரு தரப்பின் வாக்குமூலந்தான். மறுதரப்போ பிணவறையில் கிடக்கிறது. அல்லது கட்டுப்போட்டு மருத்துவமனையில் கிடக்கிறது. அதன் சொல்லையும் கேட்க வேண்டும் என்று கோருவது அரசுக்கு எதிரான செயலாகாது, நீதிக்குரிய முதற்படியாகும்.

தூத்துக்குடி சொல்லும் பாடம்

நம் மாநிலத்திலேயே நிகழ்ந்ததை எடுத்துக்கொள்வோம். வேதாந்தா குழுமத்தின் ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை மூடக்கோரி தூத்துக்குடி மக்கள் நடத்திய போராட்டத்தின் நூறாவது நாள், 2018 மே 22. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் பல்லாயிரவர் திரண்டு சென்றனர். அன்றும் மறுநாளுமாக 13 உயிர்கள் பலியாயின. பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த ஒரு சிறுமியும் அவர்களில் ஒருவர்.

அரசுத் தரப்பு சொன்னது யாது? சமூக விரோதிகள் கூட்டத்தில் ஊடுருவினர். வாகனங்களுக்குத் தீ வைத்தனர். உயிரையும் உடைமையையும் காக்க வேறு வழியின்றிக் காவல்துறை சுட்டது. வாகனங்கள் எரிந்ததும், கல்வீச்சு நிகழ்ந்ததும், காவலர்கள் காயமுற்றதும் உண்மையே. மறுதரப்பைக் கேட்க வேண்டும் என்போர் இதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆயினும் மக்கள் ஐயுற்றனர். அவ்வையங்கள் வெறும் ஆத்திரத்தில் பிறந்தவையல்ல. கண்ணால் கண்டவற்றிலிருந்து எழுந்தவை. சீருடை அணியாத ஒருவர் காவல்துறை வாகனத்தின் மேல் நின்று துப்பாக்கியால் குறிபார்க்கும் காட்சியை நாடே தொலைக்காட்சியில் கண்டது. அவ்வாறு குறிபார்த்துச் சுடுவது கூட்டத்தைக் கலைக்கும் முறையா என்று கேட்டனர். ஆட்சியர் அலுவலகம் நகரின் மேற்கு எல்லையில் இருக்க, கடற்கரையோரத்துத் திரேஸ்புரத்தில் ஒரு பெண்மணி குண்டுக்குப் பலியானது எங்ஙனம் என்று கேட்டனர். சுடுமாறு உத்தரவிட்டவர்கள் துணை வட்டாட்சியர்கள் என முதல் தகவல் அறிக்கைகள் கூறின. மாவட்டத்தின் உயரதிகாரிகள் இருக்க, இத்தகைய உத்தரவு அந்த நிலையில் இருப்பவரிடமிருந்தா வரும் என்று கேட்டனர்.

இக்கேள்விகளுக்கு விடைதேடும் பணி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையிலான ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை ஆணையம் விசாரித்தது. 2022 மே 18 அன்று இறுதி அறிக்கை முதலமைச்சரிடம் அளிக்கப்பட்டது. ஐந்து மாதங்கள் கழித்து, அக்டோபர் 18 அன்று சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது.

அவ்வறிக்கை கூறியதைச் செவிதாழ்த்திக் கேளுங்கள். சுடுவதற்குரிய அவசியம் எழவில்லை. எச்சரிக்கை, கண்ணீர்ப்புகை, தடியடி என்று படிப்படியாகச் செல்ல வேண்டிய நடைமுறைகள் முறையாகப் பின்பற்றப்படவில்லை. ஆட்சியர் அலுவலகப் பூங்காவில் மறைந்து நின்ற காவலர்கள், ஓடிக்கொண்டிருந்த மக்களைச் சுட்டனர். ஒரே காவலர் வெவ்வேறு இடங்களில் 17 சுற்றுகள் சுட்டிருக்கிறார். காவல்துறையினர் 17 பேர் மீதும் அன்றைய மாவட்ட ஆட்சியர் மீதும் நடவடிக்கை எடுக்க ஆணையம் பரிந்துரைத்தது.

இன்னும் ஒன்று. இந்நிகழ்வைத் தாமும் தொலைக்காட்சி பார்த்தே தெரிந்துகொண்டதாக அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அப்போது கூறியிருந்தார். தலைமைச் செயலாளர், காவல்துறைத் தலைவர், உளவுப்பிரிவுத் தலைவர் ஆகியோர் அவருக்கு உடனுக்குடன் தகவல் அளித்து வந்தனர் என்று கண்ட ஆணையம், அக்கூற்று உண்மைக்கு மாறானது என்று பதிவு செய்தது. காவல்துறைத் தலைமை அலுவலகம் எங்கே உள்ளது? நாம் நாள்தோறும் கடந்து செல்லும் மயிலாப்பூர் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில். தூத்துக்குடி எங்கோ தொலைவில் இருக்கிறது என்று நாம் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், அங்கிருந்து செய்திகள் நம் தெருக்களுக்கு அருகேதான் வந்து சேர்ந்துகொண்டிருந்தன.

அறிக்கை வந்துவிட்டால் நீதி வந்துவிட்டதா?

இல்லை, சகோதரர்களே! 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையங்கள் சட்டத்தின்கீழ் அமைக்கப்படும் ஆணையம் உண்மையை ஆராய்ந்து பரிந்துரைக்க மட்டுமே இயலும். தண்டிக்கும் அதிகாரம் அதற்கில்லை. பரிந்துரையை ஏற்பதும் விடுப்பதும் அரசின் கையில். தேசிய மனித உரிமை ஆணையம் தான் எடுத்த வழக்கை 2018 அக்டோபரிலேயே முடித்துக்கொண்டது. உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் விசாரித்த சி.பி.ஐ., காவல்துறையில் ஓர் ஆய்வாளரை மட்டுமே குற்றத்துக்குப் பொறுப்பாக்கியது. அவ்விசாரணையின் போக்கை 2024இல் உயர் நீதிமன்ற அமர்வு கடுமையாகச் சாடியது. ஆக, ஒரே நிகழ்வுக்கு அரசு அமைப்புகளே மூன்று விதமாக விடை சொல்லியிருக்கின்றன. இவற்றுள் எந்த விடையை நாம் "அரசு சொன்னது" என்று நம்புவது? கேள்வி கேட்ட குடும்பத்தார் சோர்ந்து அமர்ந்திருந்தால், முதல் நாள் அறிக்கையே வரலாறாக நிலைத்திருக்கும் அன்றோ?

ஐயம் எதனால் உண்மையாகிறது என்பதற்கு மற்றொரு சான்று, அதே மே 22ஆம் தேதிக்கு உரியது. 1987ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில், ஹாஷிம்புரா பகுதியிலிருந்து முஸ்லிம் ஆண்களை மாநில ஆயுதக் காவல் படையினர் வாகனத்தில் ஏற்றிச் சென்று, கால்வாய்க் கரையில் சுட்டு நீரில் வீசினர். கொல்லப்பட்டோர் 42 பேர் என்பது நீதிமன்றக் கணக்கு. உயிர்தப்பிய சிலர் நடந்ததைச் சொன்னார்கள். காசியாபாத் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த விபூதி நாராயண் ராய், தம் சொந்தத் துறையினர் மீதே வழக்குப் பதியச் செய்தார். அவர் முஸ்லிம் அல்லர். ஆனால் கண்டதை மறைக்கவில்லை. பிடித்துச் செல்லப்பட்டோரைப் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் பிரவீன் ஜெயின் எடுத்த படங்கள் அழியாமல் இருந்தன.

2015இல் விசாரணை நீதிமன்றம், சுட்டவர் இன்னார் என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படவில்லை எனக் கூறி 16 பேரையும் விடுவித்தது. மேல்முறையீட்டின்போது பழைய காவல்துறைக் குறிப்பேட்டுப் பதிவுகள் புதிய சான்றாக முன்வைக்கப்பட்டன. 2018 அக்டோபர் 31 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த 16 பேருக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. முப்பத்தொரு ஆண்டுகள்! மகனை இழந்த தாய்மார்களில் எத்தனை பேர் அந்நாளைக் காணாமலேயே மண்ணறை புகுந்திருப்பர்! எனினும் ஒரு குறிப்பேட்டின் பக்கமும், சில படங்களும், உயிர்தப்பியோரின் சாட்சியமும் இருந்தமையால் அவ்வழக்கு சாகவில்லை.

பழிசுமத்தும் ஐயம்

இவ்வளவும் கேட்டபின், எதையும் ஐயுறுவதே அறிவு என்று நம் இளைஞர்கள் கருதிவிடலாகாது. அமெரிக்காவின் நியூடவுன் நகரில் சாண்டி ஹுக் பள்ளியில் 2012 டிசம்பர் 14 அன்று 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக்கொல்லப்பட்டனர். அந்நிகழ்வே நாடகம், அழுத பெற்றோர் நடிகர்கள் என்று அலெக்ஸ் ஜோன்ஸ் என்னும் ஒலிபரப்பாளர் பரப்பினார். அதனை நம்பியோர், பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரைத் துரத்தித் துன்புறுத்தினர். 2022இல் கனெக்டிகட் நீதிமன்ற ஜூரிகள் அவர்களுக்கு ஏறத்தாழ 96.5 கோடி டாலர் இழப்பீடு வழங்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தனர்.

தூத்துக்குடியில் எழுந்ததும் ஐயம்; இதுவும் ஐயம். இரண்டையும் பிரித்தறிவது எப்படி? மூன்று கேள்விகளை நாம் கேட்டுக்கொள்வோமாக. இறந்தவரின் குடும்பம் இந்த ஐயத்துக்குப் பக்கத்தில் நிற்கிறதா, அல்லது இதனால் காயப்படுகிறதா? எந்தச் சான்று கிடைத்தால் இந்த ஐயம் தீரும் என்று ஐயுறுபவரால் சொல்ல இயலுமா? அந்தச் சான்று தமக்கு எதிராகவே வந்தாலும் ஏற்பாரா? நேர்மையான ஐயம் விடை கிடைத்ததும் அடங்கும். மற்றது, விடை கிடைத்தாலும் புதிய பொய்யைத் தேடும். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்னும் கருத்தில் அமைந்த நபிமொழியை நினைவில் கொள்வோம். 2018 மே மாதத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணைய இணைப்பு சில நாள்கள் துண்டிக்கப்பட்டது. செய்தி அடைபட்ட இடத்தில் வதந்திக்கே மதிப்பு கூடும். ஆதலால் அரசு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று கோருவதும், நம் நாவைக் காப்பதும் ஒன்றாகவே செல்ல வேண்டும்.

நாம் செய்ய வேண்டியன

இனி, இந்த மஹல்லாவில் இருந்துகொண்டு நாம் செய்யத்தக்கவை சில.

முதலாவது, கண்டவர் சாட்சி சொல்ல வேண்டும். சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குள்ளாகிறது என்று அல்பகரா அத்தியாயம் எச்சரிப்பதை நாம் அறிவோம். "நமக்கேன் வம்பு" என்று நாம் ஒதுங்குவது, மறுதரப்பின் வாயை நாமே பொத்துவதாகும். அச்சம் இயல்பே. ஆகவே தனியாக அனுப்பாமல், ஜமாஅத் பெரியவர் ஒருவரும் வழக்கறிஞர் ஒருவரும் உடன்செல்ல ஏற்பாடு செய்வது நம் கடமை.

இரண்டாவது, சான்றுகளைப் பாதுகாக்க வேண்டும். கைப்பேசியில் பதிந்த காட்சியை வெட்டாமல், ஒட்டாமல், எடுத்த நாளும் நேரமும் குறித்து, மூலத்தை அப்படியே வைத்திருக்க வேண்டும். மருத்துவமனைச் சீட்டுகள், பிரேதப் பரிசோதனை அறிக்கை, முதல் தகவல் அறிக்கையின் நகல் ஆகியவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். நமது கபரஸ்தான் பதிவேடும் ஒரு சான்றேயாகும். அதில் பெயரும் நாளும் மரணத்தின் காரணமும் பிழையின்றி எழுதப்படுகின்றனவா என்பதை நிர்வாகத்தார் ஆண்டுதோறும் சரிபார்த்தல் நலம்.

மூன்றாவது, சட்டம் திறந்துவைத்துள்ள கதவுகளைத் தட்ட வேண்டும். மாநில மனித உரிமை ஆணையம் அடையாற்றுக்குச் செல்லும் வழியில், பசுமைவழிச் சாலையில்தான் இருக்கிறது. அங்கே முறையிடக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ஆனால் நிகழ்வு நடந்த ஓராண்டுக்குள் முறையிட வேண்டும் என்பது 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. கேள்வியைத் தெருவில் கத்துவதைக் காட்டிலும் தாளில் எழுதிக் கேட்பது வலிமையானது; ஏனெனில் அதற்குப் பதில் எழுதியாக வேண்டும்.

நான்காவது, இறந்தவர் நம்மவரா, பிறரா என்று பாராதிருத்தல். தூத்துக்குடியில் மாண்டோருக்காக எழுந்த குரலும் ஹாஷிம்புராவுக்காக எழுந்த குரலும் ஒரே நீதியின் குரலாகும். நம் பகைவர் மீது சுமத்தப்படும் பொய்யையும் நாம் மறுப்போமாயின், நம் சாட்சியத்துக்கு மன்றத்தில் மதிப்பிருக்கும்.

வல்ல அல்லாஹ் நம் நாவுகளைப் பொய்யிலிருந்தும், நம் உள்ளங்களை அச்சத்திலிருந்தும் காப்பானாக! அநியாயமாகக் கொல்லப்பட்ட ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் பொறுமையையும், அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு உரிய விடையையும் வழங்குவானாக! ஆமீன்.