பெட்டியடியிலிருந்து கைப்பேசிக்கு

(பொன்விழாக் கருத்தரங்கில் சங்கத்தின் வணிகப் பிரிவு சார்பில் வழங்கிய உரை)

 

சங்கத்தின் ஐம்பதாண்டு நிறைவை அல்லாஹ்வின் அருளால் கொண்டாடும் இவ்வேளையில், சமூக ஊடகங்களையும் நம் வணிகத்தையும் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல வாய்ப்பளித்த விழாக் குழுவினருக்கு எங்கள் நன்றி.

வணிகம் நமக்குப் புதிதல்ல. தோளில் ஒரு கம்பு, அதன் ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று சுமந்து பினாங்குத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற நம் முன்னோர்களின் உழைப்புதான் இன்றைய நாசி கண்டார். புதிய கருவியும் நமக்குப் புதிதல்ல. 1887இல் சிங்கப்பூரில் 'சிங்கைநேசன்' என்ற தமிழ் வார இதழை நடத்தியவர் மகுதூம் சாயபு. அன்று அச்சு, இன்று கைப்பேசி.

நம் கடைகளை வளர்த்தது விளம்பரமல்ல, வாடிக்கை. பெட்டியடியில் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்கு வருகிறவரின் முகம் தெரியும். இவருக்குக் குவா பஞ்சிர், அவருக்குக் காரம் குறைவு, இன்னொருவர் சம்பளத் தேதியில் பாக்கியைத் தீர்ப்பார் என்பதெல்லாம் மனக்கணக்கு. "வாங்க, உட்காருங்க, தம்பி எப்படி இருக்கான்?" என்ற விசாரிப்பே பாதி வியாபாரம்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கடையில் உட்கார்ந்து சாப்பிடத் தடை. மேசைகளைக் கவிழ்த்து வைத்தோம். வாடிக்கையாளரின் எண்ணைக் கைப்பேசியில் வைத்திருந்த கடைகளுக்கு அவரோடு பேச ஒரு வழி இருந்தது. முகத்தை மட்டும் தெரிந்து வைத்திருந்த கடைகளுக்கு அதுவும் இல்லை. அந்த நாட்களை நாம் மறக்கக் கூடாது.

ஆகவே, எங்கள் கருத்து ஒன்றுதான். முகநூலும் வாட்ஸ்அப்பும் டிக்டாக்கும் விளம்பரப் பலகைகள் அல்ல, அவையும் பெட்டியடிகளே. பெட்டியடிக்குரிய மரியாதையும் நாணயமும் அங்கேயும் வேண்டும்.

முதலில், வந்தவருக்குப் பதில் சொல்ல வேண்டும். கடைக்குள் வந்து "பிரியாணி இருக்கா?" என்று கேட்பவரை யாரும் இரண்டு நாள் நிற்க வைப்பதில்லை. முகநூலில் கேட்பவரை மட்டும் ஏன் காக்க வைக்கிறோம்? கூகுள் வரைபடத்தில் நம் கடையின் பெயர் ஏற்கெனவே இருக்கலாம். அதை உரிமை கோரி, திறக்கும் நேரத்தைச் சரியாகப் போடுங்கள். ஜும்ஆ நேரத்தில் கடை அடைப்பையும் ரமலானில் மாறும் நேரத்தையும் முன்கூட்டியே அறிவியுங்கள். திறந்திருக்கிறது என்று நம்பி வந்து பூட்டிய கதவைப் பார்ப்பவர் மறுபடி வருவாரா?

வாட்ஸ்அப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒலிபரப்புப் பட்டியல் மூலம் அனுப்பும் செய்தி, நம் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கே போய்ச் சேரும். ஆகவே, பில் கொடுக்கும்போது "நம்பரைச் சேவ் பண்ணிக்கங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேண்டாம் என்பவரை வற்புறுத்தாதீர்கள். வாடிக்கையாளரின் எண் நம்மிடம் உள்ள அமானிதம். அதை மற்றவருக்குக் கொடுப்பது முறையல்ல. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதைக் கட்டுப்படுத்துகிறது.

அடுத்தது விலை. துணிக்கடைக்காரர் அழகான படம் போடுகிறார். விலை கேட்டால் "பி.எம். பண்ணுங்க" என்கிறார். இணையத்தில் விற்பவர் கடையின் பெயர், தொடர்பு எண், முழு விலை முதலியவற்றை வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டு மின்வணிக விதிமுறைகளிலேயே வந்துவிட்டது. விலையை மறைத்தால் சந்தேகம்தான் வளரும்.

உணவகங்களுக்கு இது இன்னும் பெரிய செய்தி. ஒருவர் சோறு, கோழி, கணவாய், வெண்டைக்காய், முட்டை என்று வாங்கிச் சாப்பிடுகிறார். கணவாயின் அளவுக்கேற்ப விலை மாறும் என்பது அவருக்குத் தெரியாது. ரசீதைப் படம் பிடித்துப் போடுகிறார். மாலைக்குள் ஊரே பேசுகிறது. முப்பது வருட உழைப்பை ஒரு ரசீது அசைத்துவிடுகிறது. அங்கே கோபமாக எழுதும் ஒரு வரி நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதாகும். அன்றைக்கே, எல்லோரும் பார்க்கும் இடத்திலேயே, எதற்கு என்ன விலை என்று பணிவாக எழுதுங்கள். நம் பக்கம் தவறிருந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அவர் சாப்பிடும் கேமராக் காட்சியை வெளியிட்டு அவமானப்படுத்தாதீர்கள். கணவாய்த் தட்டின் அருகே ஒரு விலைப்பலகை இருந்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது!

மூன்றாவது உண்மை. பெருமானார் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். இன்று அந்தக் குவியலின் மேல்பகுதி நம் முகநூல் படம். அடிப்பகுதி வாடிக்கையாளரின் தட்டு. இரண்டும் ஒன்றாக இருக்கட்டும். சொந்தப் பிள்ளைகளையும் சிப்பந்திகளையும் கொண்டு ஐந்து நட்சத்திரம் போட வைப்பதும், பக்கத்துக் கடைக்கு ஒரு நட்சத்திரம் போட வைப்பதும் பொய்ச்சாட்சிக்கு ஒப்பானவை. ஜாக்கிம் சான்றிதழ் இல்லாமல் அதன் முத்திரையைப் படத்தில் சேர்ப்பது அதைவிடப் பெரிய குற்றம்.

இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டிலிருந்தே சமோசாவும் பிரியாணியும் பெருநாள் பலகாரமும் செய்து விற்கும் நம் சகோதரிகளுக்குக் கடை வாடகை இல்லாத கடைவீதி இது. அவர்கள் எடுக்கும் படத்தை விளையாட்டாக நினைக்காமல் துணை நில்லுங்கள்.

தந்தையரே, பக்கத்தை ஒரு சிப்பந்தியின் பெயரில் மட்டும் திறக்க விடாதீர்கள். அவர் வேலையை விட்டுப் போனால் பக்கமும் அவரோடு போய்விடும். குடும்பத்தில் இருவர் கையில் சாவி இருக்கட்டும். பிள்ளைகளே, நீங்கள் பொறியாளராகவோ கணக்காய்வாளராகவோ இருக்கலாம். கடையில் நிற்க நேரமில்லாமல் போகலாம். வாரம் ஒரு மணி நேரம் வாப்பாவின் அருகில் உட்கார்ந்து, மசாலா எங்கிருந்து வருகிறது, கடை எப்படித் தொடங்கியது என்று கேட்டு மலாயிலும் தமிழிலும் எழுதுங்கள். அந்த வரலாற்றை நாம் சொல்லாவிட்டால், நம்மை அறியாதவர்கள் தமக்குத் தெரிந்தபடி சொல்லிவிடுவார்கள்.

கருவி மாறலாம். வரவேற்பும் நாணயமும் மாறக் கூடாது. நம் வணிகத்தில் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.