பிறர் படிக்க எழுதுவோம்



கணிப்பொறிக்கு நிரல் எழுதும் என்னைப் பேசப் பணித்த சங்கத்தாருக்கு நன்றி. நம் காலனிப் பிள்ளைகள் பலர் இத்தொழிலை நாடுகின்றனர், இச்சிற்றுரை அவர்களுக்கே.

நிரல் ஓடினால் போதும் என்றே முன்பு நானும் எண்ணினேன். ஒரு நிறுவனத்துக்காக யான் எழுதிய சம்பளக் கணக்கு, 40 நிபந்தனைகள் பின்னிய ஒரே செயற்கூறாக இருந்தது. ஓராண்டு கழித்து அதில் ஒரு வரியை மாற்றினேன். காவலாளி ஒருவரின் மிகைநேர ஊதியம் விடுபட்டது. பிழையைக் கண்டறிய எழுதிய எனக்கே இரண்டு நாட்களாயின.

சிக்கலை அளக்கவும் இயலும். 1976இல் தாமஸ் மெக்கேப் என்பார் அதற்கு ஒரு வழி வகுத்தார். செயற்கூறில் வழி பிரியும் இடங்களை எண்ணி ஒன்று கூட்டுக. விடை 10ஐத் தாண்டின், பிரித்தெழுதுவதே நன்று. என் விடை 41!

முதலில் சோதனைகளை எழுதினேன். பின்னர், விடை மாறாதவாறு, மிகைநேரம், விடுப்பு, பிடித்தம் எனத் தனித்தனிக் கூறுகளாக்கிப் பெயரிட்டேன். அந்த எண் தெர்மாமீட்டர் போன்றது, மருந்தன்று. பெயர்கள் தெளிவற்றிருப்பின் சிறிய எண்ணாலும் பயனில்லை.

இளைஞர்களே! பொறி நொடியில் ஓட்டிவிடும் நிரலை மனிதர் பல்லாண்டு படிப்பர். அவர்களுக்காக எழுதுங்கள்.