ஊரடங்கும் தேசவிரதமும்



இல்லறத்தார்க்குரிய குணவிரதங்கள் மூன்று. இன்ன திசையில் இன்ன எல்லைக்கு அப்பால் செல்வதில்லை என்று வாழ்நாள் முழுமைக்கும் வரையறுப்பது திக்விரதம். அவ்வெல்லையையும் சில நாள்களுக்கு ஒரு தெருவாகவோ ஒரு வீடாகவோ சுருக்கிக்கொள்வது தேசவிரதம். பயனின்றித் தீங்கு விளைக்கும் நினைவும் சொல்லும் செயலும் ஒழிவது அனர்த்ததண்ட விரதம். இவற்றுள் இரண்டாவதைப் பலர் ஆண்டுதோறும் "அடுத்த பருவத்தில் பார்க்கலாம்" என்று தள்ளிவைத்திருந்தனர். 2020 மார்ச் 25 முதல் அரசே அதை அனைவர்க்கும் ஓர் ஆணையால் வழங்கிவிட்டது. சமய வேறுபாடு இல்லை, விண்ணப்பம் இல்லை. மீறியவர்க்குப் பிராயச்சித்தமும் தெருமுனையிலேயே, தோப்புக்கரணமாகக் கிடைத்தது.

கடலூர்த் திருப்பாதிரிப்புலியூருக்கு அளவை புதிதன்று. தீவுகளையும் கடல்களையும் யோசனைக் கணக்கில் கூறும் லோகவிபாகத்தைச் சர்வநந்தி முனிவர் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், இயற்றியது இவ்வூரில்தான் என்பது அறிஞர் துணிபு. 1562 ஆண்டுகள் கழித்து இங்கே மீண்டும் அளவு நாடா எடுக்கப்பட்டது, நியாயவிலைக் கடை வாயிலில் சுண்ணாம்பு வட்டம் போடுவதற்காக. வட்டத்துக்கு வட்டம் ஒரு மீட்டர். ஆயின் வட்டங்களில் நின்றவை பைகளும் செருப்புகளுமே. அவற்றுக்கு உரியவர்கள் மரநிழலில் தோளோடு தோள் உரசி நின்று, நோய் எவ்வாறு பரவுகிறது என்று பேசிக்கொண்டிருந்தனர்.

தொடக்கத்தில் சமண இல்லத்து முதியவர்களிடம் ஒரு பெருமிதம் இருந்ததை மறைப்பதற்கில்லை. நீரை வடிகட்டிக் காய்ச்சிப் பருகுதல், வெளியே சென்று வந்தால் கைகால் கழுவுதல், கண்ட இடத்தில் உண்ணாமை இவையெல்லாம் இப்போதுதான் ஊருக்குத் தெரிகின்றனவா என்று கேட்டனர். பெருமிதம் நெடுநாள் நிற்கவில்லை. கைகழுவும் திரவம் வந்தது, மூதாட்டி ஒரு முறை முகர்ந்து பார்த்து, "இது சாராயம் அல்லவா?" என்று சோப்பிடமே திரும்பிவிட்டார். கபசுரக் குடிநீர் வந்தது. கசப்புக்குத் தேன் கலக்கலாம் என்றார் அண்டை வீட்டார். கள்ளும் ஊனும் தேனும் ஒரே வரிசையில் விலக்கப்பட்ட இல்லத்தில் கசப்பே இனிதாயிற்று. நூறு ரூபாய்க் காய்கறிப் பையும் வாயிலுக்கே வந்தது. திறந்தால் உருளைக்கிழங்கு, வெங்காயம், கேரட், பீட்ரூட்! மண்ணுக்குள் விளைந்ததெல்லாம் மதிற்சுவர் ஏறி அடுத்த வீட்டுக்குப் போக, அங்கிருந்து அவரைக்காயும் புடலங்காயும் வந்தன. இவ்வாறு பண்டமாற்று முறை மீண்டும் தழைத்தது.

ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கேற்றுமாறு பிரதமர் வேண்டியபோது மற்றோர் இக்கட்டு. இரவில் சுடர் ஏற்றினால் பூச்சிகள் வந்து மடியுமே! நல்லவேளையாகக் கைமின்விளக்கும் ஏற்கத்தக்கது என்று அவரே சொல்லியிருந்தார். மறுநாள் மகாவீரர் ஜயந்தி. ஊர்வலம் இல்லை, வழிபாடு வீட்டுக்குள்ளேயே நடந்தது.

கால்கள் நின்றன, கைப்பேசி நிற்கவில்லை. மூன்றாம் விரதம் முறிந்தது அங்கேதான். தீயன கேட்டலும் அனர்த்த தண்டத்துள் ஒன்று என்று நூல்கள் வகுத்திருக்க, வாட்ஸ்அப் அதை நாள்தோறும் காலை வணக்கத்தோடு கொண்டுவந்தது. மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பிய தொழிலாளர் பலர்க்குக் கடலூர் மாவட்டத்தில் தொற்று உறுதியாயிற்று. ஒரே நாளில் எண்ணிக்கை நூறைக் கடந்தது. மாநகரம் உண்ணுவதற்காக மூட்டை சுமந்தவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றிச் சுற்றிய செய்திகளில் உண்மை ஒரு பங்கு, அச்சம் ஒன்பது பங்கு. கிழங்கிலுள்ள நுண்ணுயிர்க்கு இரங்கிய விரல்களும் அச்செய்திகளைப் பத்துப் பேருக்கு அனுப்பத் தயங்கவில்லை. ஊரடங்குக் காலத்தில் சிரிக்க இயலாத பகுதி இது.

திருப்பாதிரிப்புலியூரில் தாயும் சிதம்பரத்தில் மகனுமாக வாழும் குடும்பங்கள் உண்டு. இடையே ஏறத்தாழ 45 கிலோமீட்டர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் கடந்தால் வந்துவிடும் தொலைவு. அப்படியொரு தாய், மகனை இரண்டு மாதங்களாகத் திரையில் மட்டுமே கண்டார். மாலை ஐந்தரை மணிக்கு அழைப்பு வரும். "தம்பி, பொழுது சாய்வதற்குள் உண்டாயா?" என்பதே முதற்கேள்வி. வீட்டிலிருந்தே அலுவல் பார்த்த மகனுக்குக் கூட்டம் தொடங்குவதே ஆறு மணிக்கு. "உண்டேன் அம்மா" என்பான். வாய்மை விரதம் எத்தனை மாலைகளில் பிழைத்தது என்பதை அவனே அறிவான்.

ஜூன் 1ஆம் நாள் பாதிப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. மகன் வந்தான். தாய் வாயிலில் ஒரு குடம் நீர் வைத்திருந்தார். திண்ணையின் கோடியில் கோலமாவால் அவன் அமர ஒரு வட்டமும் இட்டிருந்தார். நிலைப்படியிலிருந்து மிகச் சரியாக ஒரு மீட்டர். மகன் கைகால் கழுவினான், வட்டத்தைப் பார்த்தான், பையை எடுத்து அதற்குள் வைத்துவிட்டு, நிலைப்படியருகே வந்து அமர்ந்தான். தாய் ஒன்றும் சொல்லாமல் இலை போட்டார்.