அக்காவின் லேப்டாப்பை எடைக்குப் போடவில்லை

(படிப்பகம் ஒன்றில் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, வணக்கம்.

இந்த மேசை மேல் இருப்பது என் அக்காவின் லேப்டாப். 2013இல் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தை ‘ஓசி’ என்று கேலி பேசியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் அதற்கு முன்பே கணினி இருந்தது. எங்கள் தெருவுக்குள் கணினி வந்ததே அந்தப் பையில்தான்.

போன வருடம் இதைக் கடைக்கு எடுத்துப் போனேன். ஆன் செய்தால் திரை வரப் பத்து நிமிடம். கடைக்காரர் தூக்கிப் பார்த்துவிட்டு, “எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கு தம்பி” என்றார். புதுசு வாங்கக் காசிருந்தால் நான் ஏன் அவரிடம் போகிறேன்?

இப்போது நீங்களே பார்த்தீர்கள், நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் திறந்துவிட்டது. ரேமை 2 ஜிபியிலிருந்து 4 ஆக்கினேன். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டேன். விண்டோசை எடுத்துவிட்டு லினக்ஸ் மிண்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டேன். அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை. இந்த லேப்டாப் வந்தபோதே உள்ளே லினக்ஸ் இருந்தது. ஒன்றிய அரசின் சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்சும் விண்டோசும் சேர்த்தே கொடுத்தார்கள். ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். அக்கா ஒருநாளும் பாஸைத் தொட்டதில்லை. அது என்னவென்று சொல்லித்தர பள்ளியில் ஆளில்லை. கடையில் முதல் தடவை சர்வீஸ் செய்தபோதே அதை அழித்துவிட்டார்கள். பொருள் வந்தது, அதைப் பற்றிய அறிவு வரவில்லை.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 வேண்டும், பிராசசர் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். நன்றாக ஓடுகிற கணினிகளே தகுதியில்லாதவை ஆகிவிட்டன. நம் பிள்ளைகள் கையில் இருப்பவை பெரும்பாலும் அவைதான், இல்லாவிட்டால் அவற்றைவிடப் பழையவை.

1983இல் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். யாரும் பயன்படுத்தலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று அதன் உரிமமே சொல்கிறது. காதில் விழுந்தாலே குற்றம் என்று படிப்பைப் பூட்டி வைத்த நாட்டில் இது சின்ன விஷயமல்ல.

அதற்காக அங்கே சாதி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு லினக்ஸ் கூட்டத்துக்குப் போனேன். பேச்செல்லாம் ஆங்கிலம். சந்தேகம் கேட்டால், முதலில் எந்தக் காலேஜ் என்றார்கள், அப்புறம் கையேட்டைப் படித்துவிட்டு வா என்றார்கள். கையேடு எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது. அதைப் படிக்க ஆங்கிலமும் ஓய்வு நேரமும் யாருக்கு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அதனால்தான் பெங்களூரு சுதர்சன் லேஅவுட் எனக்கு முக்கியம். அந்தக் குடிசைப் பகுதியில் கட்டற்ற மென்பொருள் இயக்கத் தொண்டர்கள் அம்பேத்கர் பெயரில் ஒரு கணினி மையம் தொடங்கினார்கள். கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள் அங்கே கிம்ப் மென்பொருளில் படம் வரையக் கற்றுக்கொண்டார்கள். இந்தப் படிப்பகத்தால் அதைச் செய்ய முடியாதா?

சிக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். டேலி, போட்டோஷாப் நேரடியாக ஓடாது. அதுதான் உங்கள் வேலை என்றால் விண்டோசை அழிக்காதீர்கள், இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். வேர்டு கோப்புகளை லிப்ரே ஆபிஸ் திறக்கும், பக்க அமைப்பு கொஞ்சம் கலையலாம். தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். சில லேப்டாப்களில் வைஃபை உடனே வேலை செய்யாது. செல்போனை வயரில் இணைத்து நெட் கொடுத்து டிரைவரைப் போட வேண்டும். 4 ஜிபி ரேமில் பிரவுசரில் இருபது டேப் திறந்தால் லினக்சும் திணறும்.

பயப்படுபவர்கள் முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். உள்ளே இருக்கும் எதுவும் அழியாது. பிடித்தால் நிறுவலாம், ஆனால் அதற்கு முன் போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் வேறிடத்தில் நகலெடுத்துவிட வேண்டும். இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம். அக்காவின் கல்லூரிப் போட்டோக்களை நான் தொலைத்துவிட்டேன், இன்னும் திட்டு வாங்குகிறேன்.

சனிக்கிழமை காலை லேப்டாப், சார்ஜர், 8 ஜிபி பென்டிரைவோடு வாருங்கள். நான் ஒன்றுக்குத்தான் போட்டுக் காட்டுவேன். மீதியை நீங்களே ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்ள வேண்டும்.